எதைப் பார்த்துச் சிரிக்கிறோம்? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் பிரித்து வைத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: படம், சீரியல், கேம், கைப்பேசி. பள்ளி விடுமுறை முடிந்த கையோடு உட்கார்ந்து எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை முழு இடத்தையும் இதற்கே கொடுக்கிறேன். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

*

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் நல்லவர். குடி கிடையாது, ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருவார். ஆனால் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஹாலில் வெட்டுக்குத்துப் படம்தான். 13 வயது மகனும் 8 வயது மகளும் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கிறார்கள். கேட்டால் "படம்தானே" என்கிறார். எங்கள் சபையில் ஒரு மூப்பர் டிவியையே தூக்கிப் போடச் சொல்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது?
– ஒரு தாய், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: சகோதரி, டிவியைத் தூக்கிப் போட வேண்டாம். போட்டாலும் நாலு பேர் கையிலும் நாலு கைப்பேசி இருக்கிறது. இப்போது ஹாலில் எல்லாரும் சேர்ந்து பார்ப்பதை அப்புறம் ஆளுக்கொரு அறையில் தனியாகப் பார்ப்பார்கள், அவ்வளவுதான் மாறும்.

ஆனால் "படம்தானே" என்ற சொல்லை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்குக் காரணம் என் வீட்டிலேயே நடந்தது. என் மகனுக்கு அப்போது 6 வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளியில் ஒரு சின்னப் பெண்ணை, அவள் கொஞ்சம் கறுப்பு, அந்த நிறத்தை வைத்து ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டான். அவள் அழுதுகொண்டே வெளியே ஓடினாள். நான்தான் அங்கே ஆசிரியை. எங்கேடா கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன், அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க சிரிச்சீங்களேம்மா" என்றான். முந்தின வாரம் குடும்பத்தோடு பார்த்த ஒரு நகைச்சுவைக் காட்சி அது. ஒரு பெண்ணின் நிறத்தைக் கேலி செய்யும் வசனம், நாங்கள் எல்லாரும் சிரித்தோம், நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பிள்ளை படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்றுதான் நான் நினைத்தேன். அவன் அடிக்கடி திரும்பி என் முகத்தைப் பார்த்திருக்கிறான். அம்மா சிரிக்கிறாள், அப்படியானால் இது நல்லதுதான், நாமும் செய்யலாம் என்று முடிவு கட்டியிருக்கிறான்.

அன்றிலிருந்து எந்தப் படத்தைப் பற்றி யார் கேட்டாலும் நான் கேட்கும் கேள்வி இதுதான்: இந்தப் படம் நம்மை எதற்குச் சிரிக்க வைக்கிறது, எதற்குக் கைதட்ட வைக்கிறது? ரத்தம் எத்தனை லிட்டர், முத்தம் எத்தனை என்று எண்ணிக்கொண்டிருப்பதைவிட இது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரர் "பைபிளில் கொலை இல்லையா, விபசாரம் இல்லையா" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், இருக்கத்தான் செய்கிறது. 2 சாமுவேல் 11இல் தாவீது பத்சேபாளை எடுத்துக்கொண்டு அவள் புருஷனைப் போர்முனையில் சாகவிட்டதை வேதம் கொஞ்சமும் மறைக்கவில்லை. ஆனால் அடுத்த அதிகாரத்திலேயே நாத்தான் தீர்க்கதரிசி வருகிறான், அவன் கொண்டு வருவதும் ஒரு கதைதான். ஏழை ஒருவனின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடித்து அடித்துச் சமைத்த கதை. அதைக் கேட்டு தாவீதுக்கு யார்மேல் கோபம் வந்தது, எந்தப் பக்கம் நின்றான் என்று பாருங்கள். கதைக்கு அந்த வல்லமை உண்டு. பாவத்தைக் காட்டுவதால் ஒரு கதை கெட்ட கதை ஆகிவிடாது, அந்தப் பாவத்துக்கு நம்மைக் கைதட்ட வைத்தால்தான் கெட்டது. நம் தமிழ்ப் படங்களில் ஒரு பெண் வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன பிறகும் பஸ் நிறுத்தம் வரை, ஆபீஸ் வாசல் வரை பின்னாலேயே போய்த் தொந்தரவு செய்கிறவன் கதாநாயகனாக இருக்கிறான், கடைசியில் அவளும் சரி என்கிறாள், தியேட்டரே விசிலடிக்கிறது. அதில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆனாலும் உங்கள் 13 வயது மகன் அதைப் பார்ப்பதைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

"எனக்கு ஒன்றும் ஆகாது, நான் சும்மாதான் பார்க்கிறேன்" என்று சொல்கிறவர்களுக்காக ஒரு பழைய சம்பவம். பரிசுத்த அகுஸ்தீன் தன் சுயசரிதையில் அலிப்பியுஸ் என்ற நண்பனைப் பற்றி எழுதியிருக்கிறார். அலிப்பியுஸுக்கு, மனுஷனை மனுஷன் வெட்டிச் சாகும் ரோமாபுரி அரங்கக் காட்சிகள் என்றாலே அருவருப்பு. ஒரு நாள் சிநேகிதர்கள் அவனைப் பலவந்தமாக இழுத்துப் போனார்கள். என் உடம்பைத்தான் இழுத்துக்கொண்டு போகலாம், என் கண்ணையும் மனசையும் இழுக்க முடியாது என்று சொல்லி, போய் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டான். காதை மூடவில்லை. அரங்கத்தில் ஒரு பெரிய சத்தம் எழும்பியது, என்னதான் என்று கண்ணைத் திறந்தான். அதோடு சரி, அவனும் கூட்டத்தோடு கத்த ஆரம்பித்துவிட்டான், அப்புறம் திரும்பத் திரும்பப் போனான், மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போனான். கண்ணை இறுக மூடியிருந்தவனைக் கூட்டத்தின் சத்தம் இழுத்துக்கொண்டது. இதே அலிப்பியுஸ் பின்னாளில் மனந்திரும்பி ஒரு பிஷப்பாகவே ஆனார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பாதிக் கதையைச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

இனி வீட்டு நடப்பு. நம் நாட்டில் தியேட்டருக்கு வரும் படங்களைத் தணிக்கை வாரியம் பார்த்து யு, பி12, 13, 16, 18 என்று வகை போட்டுத்தான் விடுகிறது. ஆனால் நெட்ஃபிலிக்ஸ் மாதிரி தளங்களில் வருவது அந்த வாரியத்தின் கத்தரிக்கோலுக்குள் போவதே இல்லை. தியேட்டரில் வெட்டப்பட்ட காட்சி உங்கள் ஹாலில் முழுசாக வரலாம். இது நிறையப் பெற்றோருக்குத் தெரியாது, நம் நாட்டில்தான் எல்லாம் தணிக்கை ஆகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். நெட்ஃபிலிக்ஸில் ஒவ்வொருவருக்கும் தனி ப்ரொஃபைல் வைத்து, பிள்ளைகளுடையதற்கு 7+ அல்லது 13+ என்று எல்லை போடலாம், உங்களுடையதற்கு ரகசிய எண் வைத்துப் பூட்டலாம், குறிப்பிட்ட ஒரு படத்தை மட்டும் தடுக்கவும் வழி இருக்கிறது. பத்து நிமிஷ வேலை. இன்று ராத்திரியே செய்துவிடுங்கள்.

வீட்டுக்காரரிடம் பிள்ளைகள் முன்னால் பேசாதீர்கள். குறை சொல்வது மாதிரியும் ஆரம்பிக்காதீர்கள், நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்து உட்காரும் மனிதருக்கு அந்த இரண்டு மணி நேரம்தான் ஓய்வு. பிள்ளைகள் படுத்த பிறகு அவர் படம் பார்க்கட்டும் என்று கேளுங்கள். சனிக்கிழமை ஒரு படம் நாலு பேரும் சேர்ந்து பார்க்கலாம், அதை அவரே தேர்ந்தெடுக்கட்டும், ஆனால் நடுவில் நிறுத்திப் பேசலாம் என்று ஒரு ஒப்பந்தம் வையுங்கள். "இவன் செஞ்சது சரியா?" என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். 8 வயதுப் பிள்ளைகள் சொல்லும் பதிலைக் கேட்டால் அப்பாவே அசந்துபோவார்.

மூப்பரையும் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் காலத்தில் படம் பார்க்க வீட்டை விட்டு வெளியே போக வேண்டும், போகாமல் இருந்தாலே போதும். இன்று அது நம் சட்டைப் பைக்குள் வந்துவிட்டது.

*

கேள்வி: என் மகன், வயது 9, பெரியப்பா வீட்டில் ஒரு பேய்ப் படம் பார்த்துவிட்டு மூன்று வாரமாகத் தனியாகப் படுக்க மாட்டேன் என்கிறான். ஜெபம் பண்ணிப் படுக்க வைத்தும் போகவில்லை.
– ஒரு தந்தை, செராஸ், கோலாலம்பூர்

பதில்: கூடப் படுத்துக்கொள்ளுங்கள். "இயேசுவை நம்புகிற பிள்ளை பயப்படலாமா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பயம் போகாது, பயப்படுவது பாவம் என்ற இன்னொரு பாரம் அதன்மேல் ஏறும். பகல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, அந்தப் பேய் முகத்தை எப்படி மேக்கப் போட்டுச் செய்கிறார்கள், ரத்தத்துக்கு எதைக் கலக்குகிறார்கள், அந்தத் திடுக்கென்ற சத்தத்தை ஸ்டூடியோவில் எப்படிப் பண்ணுகிறார்கள் என்று சொல்லிக்கொடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இது நன்றாகவே வேலை செய்யும். ஜெபத்தையும் விடாதீர்கள், சங்கீதம் 4இன் கடைசி வசனத்தை இருவரும் சேர்ந்து மனப்பாடம் பண்ணுங்கள், தூக்கத்துக்கென்றே எழுதின மாதிரி இருக்கும். அப்புறம், பெரியப்பாவிடம் போய் அமைதியாக ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். சொந்தக்காரர் என்று தயங்கினால் அடுத்த விடுமுறையிலும் இதேதான் நடக்கும்.

*

கேள்வி: அக்கா, எனக்கு 22 வயது, பிறையில் ஒரு ஃபேக்டரியில் வேலை. வேலை முடிந்து வந்து நண்பர்களோடு மொபைல் லெஜண்ட்ஸ் விளையாடுவேன். சில நாள் ராத்திரி 2 மணி ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு எழுந்திருக்க முடியவில்லை என்று அம்மா சத்தம் போடுகிறார். பாஸ்டரிடம் கேட்டால் கேம் பிசாசின் கண்ணி என்கிறார். உண்மையிலேயே கேம் விளையாடுவது பாவமா?
– ஓர் இளைஞன், பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: தம்பி, விளையாட்டு பாவம் இல்லை. ஐந்து பேர் சேர்ந்து திட்டம் போட்டு, ஒருவன் அடிவாங்கும்போது மற்றவன் ஓடிவந்து காப்பாற்றி, ஜெயித்ததும் ஒரே சமயத்தில் கத்துகிற சந்தோஷம் எனக்குப் புரிகிறது. என் மகனும் விளையாடுகிறான், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஷிஃப்ட் வேலையில் இருக்கும் பையன்களுக்கு நண்பர்களைச் சந்திக்க அந்த நேரம்தான் கிடைக்கிறது என்பதும் தெரியும்.

ஆனால் நீ கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு, ஆகிலும் நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்கிறார். பாவமா இல்லையா என்பதோடு அவர் நிறுத்தவில்லை, எஜமான் யார் என்று கேட்கிறார். நீ கைப்பேசியை வைக்க நினைத்த நேரத்தில் உன்னால் வைக்க முடிகிறதா? அந்த கேமில் நடுவில் விட்டுவிட்டு எழுந்தால் தண்டனை இருக்கிறது, அணியில் நாலு பேர் திட்டுவார்கள், ஒரு ஆட்டம் தோற்றால் இன்னொன்று ஆடி, போன தரவரிசை நட்சத்திரத்தை மீட்டுவிட்டுப் படுக்கலாம் என்று தோன்றும். நீ பலவீனமானவன் என்பதால் 2 மணி ஆகவில்லை தம்பி. எழுந்திருக்கக் கூடாது என்றே யோசித்துச் செய்யப்பட்ட பொருள் அது. அதைத் தெரிந்துகொண்டு விளையாடு.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் விளையாட்டு அடிமைத்தனத்தையும் ஒரு கோளாறாகச் சேர்த்திருக்கிறது, 2022 ஜனவரியில் இருந்து அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது. நிறைய நேரம் விளையாடுகிற எல்லாருக்கும் அந்தப் பெயர் பொருந்தாது. நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முக்கியமாகிவிடுவது, வேலை, படிப்பு, உறவு கெடுகிறது என்று தெரிந்தும் தொடர்வது, இதெல்லாம் பொதுவாக ஒரு வருஷமாவது நீடிப்பது. இந்த அளவுகோலில் உன்னை நீயே வைத்துப் பார். நீ எழுதியிருப்பதைப் பார்த்தால் அவ்வளவு தூரம் போகவில்லை என்றுதான் தோன்றுகிறது. ஞாயிறு போய்விட்டது, அம்மாவோடு பேச்சு சத்தமாகிவிட்டது, இந்த இரண்டு மட்டும் தெரிகிறது. இந்தக் கட்டத்தில் திரும்புவது சுலபம்.

சனிக்கிழமை ராத்திரி 11 மணிக்கு மேல் நான் இல்லை என்று நண்பர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. கைப்பேசியைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டு, எழுப்ப ஒரு சாதாரண அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள். இன்னொன்று, கேமில் உன் வீரனுக்கு உடுப்பு வாங்கக் குலுக்கலுக்குப் பணம் கட்டுகிறாயா? என்ன விழும் என்று தெரியாமல் பணம் போட்டுச் சுற்றுவது நம் அப்பாக்கள் லாட்டரி நம்பர் எடுத்த அதே பழக்கம்தான். இந்தக் குலுக்கலை மட்டும் இன்றே விட்டுவிடு. அம்மாவிடம் ஒரு நாள் ஒரு ஆட்டத்தைக் காட்டி விளக்கு. என்னவென்றே தெரியாமல் இருப்பதால்தான் பாதிச் சண்டை.

*

கேள்வி: நான் பிரிக்பீல்ட்ஸில் வேலை பார்க்கிறேன், 26 வயது. அலுவலகத் தோழிகள் பெரும்பாலும் இந்துக்கள், புக்கிட் ஜாலிலில் நடக்கும் இசை நிகழ்ச்சிகளுக்குச் சேர்ந்து போவோம். ஆலயத்தில் என் குழுவில் இருக்கும் சிலர் சினிமாப் பாட்டே கேட்கக் கூடாது என்கிறார்கள். அடுத்த மாதம் தங்கை கல்யாண விருந்தில் எல்லாரும் ஆடப் போகிறார்கள், நான் ஆடலாமா வேண்டாமா என்று தெரியாமல் தவிக்கிறேன்.
– ஒரு சகோதரி, கோலாலம்பூர்

பதில்: தங்கையின் கல்யாணத்தில் ஆடுங்கள்! கானா ஊர்க் கல்யாணத்தில் திராட்சரசம் தீர்ந்தபோது, இதோடு போதும், எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்று நம் ஆண்டவர் சொல்லவில்லையே.

சினிமாப் பாட்டு முழுவதும் விலக்கு என்று சொல்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். நம் தமிழ்க் கிறிஸ்தவ முன்னோர்கள் தங்கள் காலத்துப் பொழுதுபோக்கை எப்படிப் பார்த்தார்கள்? தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் குறவஞ்சியை எடுத்துக்கொண்டார். அது கோயில்களிலும் அரண்மனைகளிலும் ஆடிப் பாடிய வடிவம், குறத்தி வந்து குறி சொல்வாள். அந்த வடிவத்திலேயே அவர் பெத்லகேம் குறவஞ்சி பாடினார். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர், சூசையப்பரைப் பற்றித் தேம்பாவணி என்ற காவியம் எழுதிய அதே குருவானவர், பரமார்த்த குருவும் சீடர்களும் அடிக்கும் கூத்தை எழுதி நம்மை வயிறு வலிக்கச் சிரிக்கவும் வைத்தார். தமிழின் முதல் நாவலை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் ஒரு கத்தோலிக்கர்தான், முன்சீப் வேலை பார்த்தவர், அந்த நாவல் முழுக்க வேடிக்கைக் கதைகள். கதையும் சிரிப்பும் பாட்டும் உலகத்தாருக்கு, நமக்கு ஜெபம் மட்டும் என்று இவர்கள் யாரும் பிரிக்கவில்லை. இதை நான் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

அதற்காக எல்லாப் பாட்டும் சரி என்று நான் சொல்லவில்லை. ஒரு நாள் உட்கார்ந்து, நீங்கள் அடிக்கடி முணுமுணுக்கும் ஐந்து பாட்டுகளின் வரிகளை எழுதிப் பாருங்கள். மெட்டு இல்லாமல் வெறும் வரிகளாக வாசியுங்கள். நான் இதை ஒரு இளைஞர் முகாமில் செய்து பார்த்தேன். நாலாவது வரிக்கு மேல் ஒரு பெண்ணால் வாசிக்க முடியவில்லை, காகிதத்தை மடித்து வைத்துவிட்டாள். பெண்ணைப் பண்டமாகப் பேசும் வரிக்கு நாமே கைதட்டி ஆடியிருக்கிறோம், மெட்டு நன்றாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக. வேறு சில வரிகளை வாசித்துவிட்டு, அக்கா இது எவ்வளவு அழகாக இருக்கிறது, இத்தனை நாள் கவனிக்கவில்லையே என்றாள் இன்னொருத்தி. கல்யாண விருந்துக்குப் பாட்டுப் பட்டியல் போடும் வேலையை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஆட்டமும் நிற்காது, காது கூசும் வரியும் வராது.

குழுவில் இருப்பவர்களோடு வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். ரோமர் 14ஐ முழுவதும் வாசியுங்கள், சாப்பாட்டு விஷயம்தான், ஆனால் அப்படியே பொருந்தும். சாப்பிடுகிறவன் சாப்பிடாதவனை அற்பமாக எண்ணக் கூடாது, சாப்பிடாதவன் சாப்பிடுகிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது. அவர்களில் யாராவது பழைய வாழ்க்கையில் குடியும் கூத்துமாக இருந்து வெளியே வந்தவராக இருக்கலாம், அந்தப் பாட்டைக் கேட்டால் அவருக்குப் பழைய ராத்திரிகள் ஞாபகம் வரலாம். அவர் காரில் ஏறும்போது பாட்டை நிறுத்திவிடுவது அன்பு. அதற்குப் பயந்து தங்கையின் கல்யாணத்தில் மூலையில் உட்கார வேண்டியதில்லை.

*

கேள்வி: எனக்கு 71 வயது. தினமும் சாயங்காலம் இரண்டு சீரியல் பார்ப்பேன், அதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. பேத்தி, 5 வயது, மடியில் உட்கார்ந்துகொள்வாள். பிள்ளை கெட்டுவிடுவாள் என்று மருமகள் முகத்தைத் தூக்கிக்கொள்கிறாள். நான் ஒரு சீரியல் பார்க்கக் கூடாதா?
– ஆயர் ஈத்தாம், பினாங்கு

பதில்: அம்மா, தாராளமாகப் பாருங்கள். நாள் முழுக்க வீட்டில் இருக்கிறவர்களுக்குச் சாயங்காலம் யாராவது பேசுகிற சத்தம் வேண்டும், அது எனக்குத் தெரியும்.

ஆனால் மருமகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அந்த சீரியலில் மாமியார் மருமகளுக்கு என்ன செய்கிறாள், மருமகள் பதிலுக்கு என்ன சதி செய்கிறாள் என்று அந்தக் குழந்தை தினமும் உங்கள் மடியில் இருந்து பார்க்கிறது. அம்மாவும் பாட்டியும் இப்படித்தான் இருப்பார்கள் போல என்று அவள் மனசில் பதிந்தால், உங்கள் வீட்டில் இல்லாத சண்டையை அவள் தேட ஆரம்பிப்பாள். உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னபடி 2 முதல் 4 வயது வரை திரைக்கு முன்னால் உட்காருவது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது. பேத்தி அந்த வயதை இப்போதுதான் தாண்டியிருக்கிறாள்.

சீரியல் நேரத்தில் பேத்தியைக் குளிக்க வைக்கும் வேலையை மருமகளோ மகனோ எடுத்துக்கொள்ளட்டும். சீரியல் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டு அவளுக்கு உங்கள் சின்ன வயதுக் கதையைச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவுக்கு எப்படிப் போனீர்கள், யாரோடு போனீர்கள், வழியில் என்ன வாங்கிச் சாப்பிட்டீர்கள் என்று உங்களிடம் எவ்வளவோ இருக்கும். அதை வேறு யாராலும் அவளுக்குச் சொல்ல முடியாது. "நீ சொன்னது சரிதாம்மா" என்று மருமகளிடம் ஒரு முறை நீங்களே முந்திக்கொண்டு சொல்லிப் பாருங்கள்.

*

கேள்வி: நான் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர். டிக்டாக் வேண்டாம், அந்தப் படம் வேண்டாம், இந்தப் பாட்டு வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள், ஒன்றும் மாறவில்லை. என்ன தவறு செய்கிறேன்?
– ஜார்ஜ்டவுன், பினாங்கு

பதில்: மத்தேயு 12இல் ஆண்டவர் சொன்ன காலி வீடு ஞாபகம் இருக்கிறதா? அசுத்த ஆவி புறப்பட்டுப் போனது, வீடு பெருக்கி அலங்கரிக்கப்பட்டு வெறுமையாக இருந்தது, திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போய் இன்னும் ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு வந்தது. வீட்டைப் பெருக்கியது தவறில்லை. உள்ளே யாரும் குடிவரவில்லை, அதுதான் அங்கே நடந்தது. "வேண்டாம்" என்று சொல்வது பெருக்குகிற வேலைதான் தம்பி.

பினாங்கில் இருந்துகொண்டு பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்று யோசிக்கலாமா! சனிக்கிழமை காலையில் தாவரவியல் பூங்காவிலிருந்து பினாங்கு மலைக்கு நடந்தே ஏறுங்கள், கால் வலிக்க ஏறிய பிள்ளை சாயங்காலம் கைப்பேசியைத் தேடாது. கிறிஸ்மஸ் நாடகத்தை டிசம்பரில் அவசரமாகப் போடாமல் ஆகஸ்டிலேயே ஆரம்பித்து, வசனத்தை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். கைப்பேசியில் படம் எடுக்கத் தெரிந்த பையன்களிடம், ஆலயத்தில் இருக்கும் வயசானவர்களைப் பேட்டி எடுத்துப் பத்து நிமிஷப் படம் ஒன்று செய்யச் சொல்லுங்கள். அந்தத் தாத்தா தோட்டப்புறத்திலிருந்து எப்படி வந்தார், இந்த ஆலயத்துக்கு யார் கல் சுமந்தார்கள் என்று பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது. பார்த்துக்கொண்டே இருக்கிற பிள்ளை செய்கிற பிள்ளையாக மாறும்போது, எது நல்ல படம் எது மட்டமான படம் என்று உங்களுக்கே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்துவிடும்.

பிலிப்பியர் 4:8ஐச் சுவரில் ஒட்டியிருப்பீர்கள். உண்மையுள்ளவைகள், ஒழுக்கமுள்ளவைகள், நீதியுள்ளவைகள், கற்புள்ளவைகள், அன்புள்ளவைகள் என்று போய், "அவைகளையே சிந்தித்துக்கொண்டிருங்கள்" என்று முடியும். கவனியுங்கள், அந்த வசனத்தில் எங்கேயும் "வேண்டாம்" இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பிள்ளை, இந்த வாரம் பார்த்ததில் ஒரு நல்ல விஷயத்தைக் கொண்டுவந்து காட்டட்டும். முதல் இரண்டு வாரம் ஒருவரும் வாயைத் திறக்க மாட்டார்கள். விட்டுவிடாதீர்கள்.

*

கேள்வி: ஆண்டி, எனக்கு 16 வயது. யாரிடமும் சொல்ல முடியாததால் உங்களுக்கு எழுதுகிறேன், எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஒரு நண்பன் அனுப்பிய லிங்க்கைத் திறந்ததில் ஆரம்பித்தது, இப்போது ராத்திரியில் பார்க்கக் கூடாததைப் பார்க்கிறேன். ஒவ்வொரு தடவையும் இனிமேல் இல்லை என்று ஜெபிக்கிறேன், திரும்பவும் விழுகிறேன். இளைஞர் கூட்டத்தில் நான் கிட்டார் வாசிக்கிறேன். மேடையில் நிற்க வெட்கமாக இருக்கிறது. ஆண்டவர் என்னைக் கைவிட்டிருப்பாரா?
– பினாங்கு

பதில்: கண்ணா, இல்லை. கைவிடவில்லை. அவருக்கு உன்மேல் வெறுப்பும் இல்லை, எனக்கும் இல்லை. எழுதினாயே, அதற்கு நன்றி.

நீ மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டிருப்பாய். இத்தனை வருஷம் இளைஞர்களோடு இருந்த நான் சொல்கிறேன், உன் கூட்டத்திலேயே இதே பாரத்தோடு, இதே வெட்கத்தோடு, வேறு யாருக்கும் இது இல்லை என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இருப்பார்கள். உன் வயதில் உடம்பு விழித்துக்கொள்வது பாவம் இல்லை, அது படைத்தவர் வைத்தது. ஆனால் அந்தக் காட்சிகள் உனக்குப் பொய் சொல்லிக்கொடுக்கின்றன. ஒரு பெண்ணை எப்படிப் பார்ப்பது, எப்படித் தொடுவது, அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எல்லாமே பொய். அதில் இருக்கும் பெண் ஒருவருக்கு மகள், அவள் விருப்பப்பட்டுத்தான் அங்கே இருக்கிறாளா என்று உனக்குத் தெரியாது. நாளைக்கு நீ நேசிக்கப்போகும் ஒருத்தியையும் அந்தக் கண்ணோடு பார்க்கப் பழகிவிடக் கூடாது, நான் இவ்வளவு கவலைப்படுவதற்கு அதுதான் காரணம்.

"இனிமேல் இல்லை" என்று ராத்திரி 12 மணிக்கு அறைக்குள் தனியாகப் போடும் தீர்மானம் நிற்காது, கைப்பேசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, நீ களைத்திருக்கிறாய். தீர்மானத்தைச் சாயங்காலமே போடு. கைப்பேசி ராத்திரி ஹாலில் தூங்கட்டும். அந்த நண்பனின் லிங்க்குகளை அழித்துவிட்டு, இனி அனுப்பாதே என்று ஒரு வரி மட்டும் எழுது. விழுந்தால் மறுநாள் காலையில் எழுந்து அப்பா என்று ஆரம்பித்துப் பேசு, மூன்று நாள் ஒளிந்துகொள்ளாதே. கிட்டாரையும் கீழே வைத்துவிடாதே.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதுதான் கஷ்டம். ஒருவரிடமாவது நீ இதை வாயால் சொல்ல வேண்டும். உன் கடிதத்தில் உன் தாய்மாமா வெள்ளிக்கிழமை இளைஞர் கூட்டம் முடிந்ததும் உன்னைக் காரில் வீட்டில் விடுகிறார் என்று எழுதியிருக்கிறாய், அவரைப் பற்றி எழுதும்போது உன் எழுத்திலேயே ஒரு நிம்மதி தெரிகிறது. அவரிடம் சொல். காரில் போகும்போது சொல், இருவரும் முன்னால் பார்த்துக்கொண்டிருப்பீர்கள், முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை. "மாமா, ஒரு விஷயம், திட்டாமல் கேளுங்க" என்று ஆரம்பி, மீதி தானாக வரும். பாலம் தாண்டுவதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

சொன்ன பிறகு எனக்கு எழுது. காத்திருக்கிறேன்.